காலா கில்லாவின் கிழக்குச் சுவர்

1

நம் ஊர் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி நண்பர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். மூன்றாவது கடிதத்தில் விஷயத்தையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். "தாங்கள் இருக்கும் பக்கத்தில் ஆற்றங்கரையில் இங்கிலீஷ்காரர் கட்டிய பழைய கோட்டை ஒன்று உண்டாமே. அதன் கட்டட நேர்த்தியைப் பற்றி ரசமாக நாலு பக்கம் எழுதவும்" என்கிறார்.

ரசமாக எழுத வேண்டுமாம். அவருக்கென்ன, தாமிரபரணியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வாசகசாலைக்கு வந்து, விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருப்பார். நான் இதை எழுதுவது ஆபீஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கோதுமை ரொட்டியை மென்று விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டு. யுத்தம் வந்ததிலிருந்து எங்களைப் போன்ற அரிசி தின்னும் ஜனங்களின் கதி இங்கே இதுதான்.

அந்தக் கோட்டை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். டேப்பு வைத்து நானே அளந்திருக்கிறேன். பம்பாயில் இருக்கும் தமிழர்களில் வேறு எவனும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். எவனுக்கும் அவ்வளவு கொழுப்பு இல்லை. ஆகவே நண்பர் கேட்டபடி கோட்டையைப் பற்றியே எழுதுகிறேன். ரசம் இல்லையென்றால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2

இந்தச் சித்திரையோடு நான் பம்பாய்க்கு வந்து பதினாறு வருஷம். வடாலாவில் ஒரு சாலில் ஒற்றை அறையில் குடியிருப்பு. சால் என்றால் ஒரே நீளத் தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள், மாடிக்கு ஒரு குழாய், காலையில் அந்தக் குழாயடியில் ஒரு மகாயுத்தம். எங்கள் அறையில் நான், மனைவி, மூன்று குழந்தைகள், மனைவியின் தம்பி. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் இங்கிலீஷில் கடிதம் எழுதும் குமாஸ்தா உத்தியோகம். நான் எழுதும் கடிதத்தில் துரை இதுவரை ஒரு வரியைக்கூட அடித்ததில்லை. இது எனக்குப் பெருமை என்பதை மறைக்கவில்லை. என் தகப்பனார் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு வழக்கும் வந்தது கிடையாது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். எழுத்து எங்கள் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு எனக்குச் சின்ன வயதிலேயே ஏறிவிட்டது.

மூத்தவள் கோமதிக்குப் பதினொரு வயது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கிறாள். தெருவில் ஹிந்தி. வீட்டில் எங்களுக்காக இரக்கப்பட்டுக் கொஞ்சம் தமிழ். கணக்குப் போடும்போது உதடு அசைவதைப் பார்த்தால் ஹிந்தியில்தான் எண்ணுகிறாள். ஊருக்குப் போகும் கடிதத்தில் இரண்டு வரி எழுதடி என்றால் அரை மணி நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கத்துவேன். அவள் அழுவாள். கடிதம் அவள் வரி இல்லாமலே போகும்.

இனி என் தங்கை பொன்னம்மாளின் விஷயம். அவள் புருஷன் செல்லத்துரை மாதுங்காவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எடுபிடி வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு வந்தவன், எட்டு ஆண்களோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். தங்கை இரண்டு பிள்ளைகளோடு மாமியார் வீட்டில் இருந்தாள். பர்மா அரிசி நின்றுபோய் ஊரிலும் பஞ்சம் தலைகாட்டியபோது, பசியோ பட்டினியோ நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்து தொலைக்கிறோம் என்று போன வருஷம் ரயிலேறி வந்துவிட்டாள். அறை வாடகைக்குப் பிடிக்க வக்கில்லை. தாராவியின் வடக்குக் கோடியில், ஆற்றோரத்தில், அந்தப் பழைய கோட்டைச் சுவரில் சாய்த்துச் செல்லத்துரை ஒரு குடிசை போட்டான்.

குடிசை வந்தது, ஆனால் ரேஷன் கார்டு வரவில்லை. கணக்கெடுக்க வந்தவன், வீட்டு நம்பர் இல்லாத இடத்துக்குக் கார்டு கிடையாது என்று போய்விட்டான். கார்டு இல்லாவிட்டால் அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரை இல்லை. கள்ள விலைக்கு வாங்கி எத்தனை நாள் தாங்கும்? மழைக்கு முன் கார்டு கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளைத் திரும்ப ஊருக்கு அனுப்பிவிடுவது என்று செல்லத்துரை முடிவு செய்தான்.

பொன்னம்மாள் வடாலாவுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, ஒங்க வீட்டு நம்பரக் குடுத்திருவமா? ஒர்க்‌ஷாப்புல பாதிப் பேரு அப்படித்தான் எழுதியிருக்காவளாம். தெரிஞ்சவுக சால் நம்பரப் போட்டு."

"அது பொய் விலாசம்லா."

"அரிசி பொய்யில்லயே."

"நான் கம்பெனி குமாஸ்தா. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்ன பதில் சொல்ல? உண்மைய முறையா எழுதி மனுப் போடுதேன். கிடைக்காம எங்க போவுது?"

"சரிண்ணே" என்று எழுந்துவிட்டாள். தகப்பனாருடைய எழுத்தின் மேல் அவளுக்கும் நம்பிக்கை உண்டு.

3

மனு எழுதுவதற்கு முன் இடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமதியை அழைத்துக்கொண்டு போனேன். கையில் ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிய டேப்பு. தாராவிக்குள் நுழைந்ததும் தோல் கிடங்குகளின் வாடை. அதைத் தாண்டினால் உப்பளம், சேறு, சேற்றில் வேர் விட்டு நிற்கும் குட்டை மரங்கள். அதற்கப்பால் மிட்டி ஆறு. ஆறு என்று நம்மூர்க்காரர்களிடம் சொல்ல வெட்கமாயிருக்கிறது. கடல் ஏறினால் தண்ணீர், இறங்கினால் சகதி. கால் நனைக்கக்கூடத் தோன்றாது.

அதன் கரையில் நிற்கிறது காலா கில்லா. கறுப்புக் கோட்டை என்று அர்த்தம். கோட்டை என்றால் நாம் மதில், அகழி, ஆனைக் கதவு என்று நினைப்போம். இங்கே ஒரே ஒரு கோபுரம்தான். நாலு ஆள் உயரம் இருக்கும். இருநூறு வருஷத்துக்கு முன் இந்த ஆறுதான் இங்கிலீஷ்காரர் பம்பாயின் வடக்கு எல்லை. அக்கரையில் வேறு ராஜ்யம். அங்கிருந்து படகில் எவனாவது வருகிறானா என்று பார்க்கக் கட்டிய காவல் மேடை இது. எந்தக் கவர்னர் கட்டினார், எந்த வருஷம் என்று ஒரு கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கோமதி அந்த இங்கிலீஷ் எழுத்துக்களைத் தடவித் தடவிப் படித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கட்டடம் என்னை மயக்கிவிட்டது. எரிமலைக் கருங்கல். மூலைக் கற்களை மட்டும் உளியால் பிசிறில்லாமல் கொத்தியிருக்கிறார்கள். நடுவில் வருபவை முரட்டுக் கற்கள், இடையில் சுண்ணாம்பு. அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போகச் சுவர் உள்ளே சாய்கிறது. பீரங்கிக் குண்டு பட்டால் வழுக்கிப் போகவும், சேற்று நிலத்தில் பாரம் பரவி நிற்கவும் அந்தச் சாய்வு. உச்சியில் துப்பாக்கி நீட்டும் துவாரங்கள். வெளியே இரண்டு விரற்கடை, உள்ளே முழங்கை அகலம். உள்ளே நிற்பவன் இப்படியும் அப்படியும் திரும்பிச் சுடலாம், வெளியே நிற்பவனுக்கு அவன் மூக்கு நுனிகூடத் தெரியாது.

கோமதி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

"அப்பா, இதுக்கு தர்வாஜா எங்க?"

"கதவுன்னு சொல்லு."

"கதவு எங்க?"

"கீழ கிடையாது. மேல ஒரு சந்து தெரியுது பாரு, ஏணி வச்சு ஏறணும். ஏறுனவன் ஏணிய உள்ள இழுத்துக்கிடுவான்."

"அப்புறம் கீழ இருக்கறவங்க?"

"கீழ இருக்கவன் எதிரி."

அவள் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. குடிசைப் பிள்ளைகளோடு ஹிந்தியில் ஏதோ பேசிக்கொண்டு ஓடிவிட்டாள்.

செல்லத்துரை என்னைக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனான். தென்மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்கு அந்தப் பக்கம்தான் மறைவு. அங்கேதான் அவன் குடிசை. கோட்டைச் சுவர்தான் பின்சுவர். மற்ற மூன்று பக்கமும் தகரம், சாக்கு, பலகை.

"மச்சான், இந்தப் பொந்தப் பாத்தீகளா? எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. எனக்காவ வெட்டி வச்ச மாதிரில்லா இருக்கு."

ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள். கட்டும்போது சாரக் கம்பு சொருக விட்ட குழிகள் அவை, வேலை முடிந்ததும் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அவனுக்கு விளக்கினேன். அந்தக் குழிகளில் அவன் தன் கூரைக் கம்புகளைச் செருகியிருந்தான். ஓர் ஆணி இல்லை, கயிறு இல்லை. கம்பு ஆடவே இல்லை. அந்தக் காலத்துக் கொத்தனும் என் மைத்துனனும் கலந்து பேசிக் கட்டியதுபோல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாவற்றையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். குடிசைக்குள் பொன்னம்மாள் நொய்க் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு ஊற்றியதில் பாதிதான் இருக்கிறது என்பதைக்கூடக் கவனிக்காமல் குடித்துவிட்டு, மறுபடியும் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

4

நம் பக்கத்தில் நிலப் பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். சர்வே நம்பர் தகராறில் இருந்தாலும் நான்கெல்லை சரியாக இருந்தால் பத்திரம் நிற்கும். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்தப் புளியமரம் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டால், அந்த இடம் ஓடிப்போக முடியாது. தகப்பனார் சாகும்வரை சொன்னது அதுதான். குடிசைக்கு நம்பர் இல்லையா, போகட்டும், நான்கெல்லை எழுதுவோம் என்று தீர்மானித்தேன். இந்தப் பம்பாயில் ஒரு குஜராத்திக்கோ மராட்டியனுக்கோ இந்த யோசனை தோன்றியிருக்காது. தாமிரபரணிக் கரையில் பத்திரம் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் தோன்றும்.

மூன்று மதியவேளை டைப்ரைட்டரில் உட்கார்ந்து மூன்று பக்கம் அடித்தேன். முதல் பக்கம் கோட்டையின் சரித்திரம். இரண்டாம் பக்கம் அதன் கட்டுமானம், சாய்வு, துவாரம், கல்லின் தன்மை. மூன்றாம் பக்கம் நான்கெல்லை. வடக்கே மிட்டி ஆறு. கிழக்கே உப்பளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. தெற்கே தோல் உலர்த்தும் களம். மேற்கே அரசாங்கக் கோட்டையின் கிழக்குச் சுவர். மேற்படிச் சுவரையே மேற்படி வீட்டின் பின்சுவராகக் கொண்டு, மேற்படிச் சுவரின் பூர்வீகக் குழிகளில் வீட்டின் கூரைக் கம்புகள் தாங்கலாகப் பொருத்தப்பட்டுள்ளன. இதற்கு உட்பட்ட பத்தடிக்கு எட்டடி இடத்தில் மனுதாரர் குடும்பம் ஏழு மாதமாக வசித்து வருகிறது.

அதைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பொன்னம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிண்ணே. எங்க பேரு எங்க வருது?"

"மூணாம் பக்கத்துக் கடைசியில."

செல்லத்துரை தலையைச் சொறிந்தான். "மச்சான், சுவத்துல கம்பு சொருகியிருக்கத எழுதணுமா?"

"எல்லை எழுதும்போது ஒண்ண மறைச்சா முழுசும் செல்லாது மாப்ள. இதெல்லாம் ஒமக்குத் தெரியாது."

இங்கிலீஷ் தெரிந்த மைத்துனனிடம் எதிர்த்துப் பேச அவனுக்குச் சங்கடம்.

5

மனுவை ரேஷன் ஆபீஸில் கொடுத்தேன். ஜன்னலில் இருந்தவன் மூன்று பக்கத்தையும் கையில் வைத்து எடை பார்த்தான். படிக்கவில்லை. அடுத்த வாரம் வா என்றான். அடுத்த வாரம் போனால் அவன் லீவு. அதற்கடுத்த வாரம் வேறு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஜன்னலில் இருந்தவனிடம் என் அருமையான இங்கிலீஷில் நிலைமையை எடுத்துச் சொன்னேன். அவன் புரியாமல் "க்யா?" என்றான். என் ஹிந்தியில் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதினாறு வருஷமாக இந்த ஊர் உப்பைத் தின்றும் ஒரு காரியத்தை நேராகக் கேட்கும் ஹிந்தி எனக்கு வரவில்லை என்பது அங்கேதான் உறைத்தது. ஐந்து தடவை நடந்தேன். ஐந்து அரைநாள் லீவு. கடைசியில் ஒருவன் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "ஊபர் பேஜா ஹை" என்றான். மேலே அனுப்பியிருக்கிறதாம்.

எனக்கு ஏக மகிழ்ச்சி. மேலே இருப்பவன் படிக்கத் தெரிந்தவனாக இருப்பான், மனுவின் அருமை அவனுக்குத்தான் புரியும் என்று வீட்டில் சொன்னேன். மேலே இருந்தவன் படிக்கத் தெரிந்தவனாகத்தான் இருந்தான். முழுவதும் படித்திருக்கிறான். விஷயம் அரசாங்கச் சொத்தைப் பற்றியது என்று பார்த்து, கோப்பை அப்படியே கட்டட இலாகாவுக்குத் திருப்பிவிட்டான்.

மே மாதக் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன தேதி காலை பத்து மணிக்குக் கோட்டை அருகில் ஆஜராகவும் என்றது. கார்டு கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றே நினைத்தேன். சலவை செய்த கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

6

ஓவர்சியர் ஒருவர், கூட இரண்டு ஆட்கள், அவர்கள் கையில் கடப்பாரை. ஓவர்சியர் நல்ல மனிதர், மராட்டியர், சுத்தமான இங்கிலீஷ். அவர் கையில் என் மனு. மூன்றாம் பக்கத்தில் கூரைக் கம்பு வருகிற வரியின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு.

"இதை எழுதியது நீங்களா? பிரமாதம். இந்தக் கோபுரத்தைப் பற்றி எங்கள் ஆபீஸில் இவ்வளவு விவரம் கிடையாது. சுவரில் கம்பு செருகியிருப்பது நீங்கள் எழுதித்தான் எங்களுக்கே தெரியும்" என்றார்.

மேற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று குடிசைகள் அதே கோட்டையில் சாய்ந்து நிற்பதைக் காட்டினேன். அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு நான் போய்விட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவற்றைப் பற்றி என்னிடம் காகிதம் எதுவும் இல்லையே" என்றார்.

பொன்னம்மாள் உள்ளே போனாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தாள். செல்லத்துரை ஆட்களைத் தடுத்து, கம்புகளைத் தானே உருவினான். கடப்பாரை போட்டால் கம்பு பிளந்துவிடும் என்றான். குழியிலிருந்து ஒவ்வொரு கம்பும் வருவதற்கு மனமில்லாமல் முனகிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் சுவர் மொட்டையாக நின்றது. அடுப்பு இருந்த இடத்தில் மட்டும் கல்லின் மேல் புகைப் பிசுக்கு.

பொன்னம்மாளிடம் போனேன். "வீட்டுக்கு வந்துரு பொன்னு. எல்லாரும் அங்கயே இருப்போம். கார்டுக்கு என் நம்பரையே எழுதிக் குடுக்கேன்."

"அப்பமே கேட்டனேண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆறு பேரு கிடக்க எடத்துல இன்னும் நாலு பேரு எங்க படுக்க? அவுக ஒர்க்‌ஷாப்பு ஆளுவ ரூம்புக்கே போயிருவாவ. எங்க மூணு பேருக்கும் வெள்ளிக்கிழம வண்டிக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்திருங்க."

மூன்று வருஷம் பிரிந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது மாதம் சேர்ந்து இருந்தார்கள். அதையும் நான் மூன்று பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

ஓவர்சியர் ஒரு கல்லில் உட்கார்ந்து பஞ்சநாமா எழுதினார். நடந்ததை நேரில் கண்டவர்கள் கையெழுத்துப் போடும் சாட்சிக் காகிதம் அது. இங்கிலீஷ் தெரிந்த கௌரவமான ஆள் என்று என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு அனுகூலமாகவே எழுதியிருக்கிறேன்" என்றார் தணிந்த குரலில். "குடும்பம் வசித்தது என்று எழுதினால் அரசாங்கக் கட்டடத்தில் அத்துமீறியதாகக் கேஸ் ஆகும். யுத்த காலம் வேறு. உங்கள் மைத்துனருக்கு ரயில்வே வேலை போய்விடும். அதனால் விறகுக் கொட்டகை, யாரும் குடியில்லை என்று போட்டிருக்கிறேன்."

"இதன் நகல் ரேஷன் ஆபீஸுக்குப் போகுமா?"

"கோப்பே அங்கிருந்துதானே வந்தது?"

கூட்டிப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால், கார்டு கேட்ட மனுவில் எழுதியதெல்லாம் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் தங்கைக்கு நான் எழுதிக் கொடுக்கும் எந்தக் காகிதத்தையும் இனி அந்த ஜன்னலில் வாங்க மாட்டார்கள். போடாவிட்டால் செல்லத்துரையின் சோறு போகும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பொன்னம்மாள் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "என்னண்ணே எழுதியிருக்காவ?"

படித்துச் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

"இந்த எடத்துல யாரும் குடியிருக்கலன்னு எழுதியிருக்கு."

அவள் பானைகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் உருவிய கம்புகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"போட்டுருங்கண்ணே. அவுக வேலையாவது நிக்கட்டும்."

போட்டேன். ஓவர்சியர் வாங்கிப் பார்த்து, ஈரம் காய ஊதி, இவ்வளவு தெளிவான கையெழுத்தை இந்தக் காலத்தில் பார்ப்பது அபூர்வம் என்றார்.